பில்லே வராது என்று சொன்னால் கையெழுத்துப் போடாதீர்கள்

கேள்வி: எங்கள் வீட்டில் மாதம் 300 யூனிட் ஓடுகிறது. 100 லிட்டர் கீசரும் அதில் அடக்கம். 5 கிலோவாட் சோலாரும் 10 யூனிட் கொள்ளும் பேட்டரியும் போட்டால் பில்லே வராது, குறைந்த வட்டியில் கடனும் வாங்கித் தருகிறேன் என்கிறார் ஏஜென்ட். நம்பிப் போடலாமா?

பதில்: சோலார் போடுங்கள். ஆனால் இந்த அளவிலும் இந்தக் கடனிலும் வேண்டாம்.

உங்கள் தேவை நாளைக்கு 10 யூனிட். நல்ல வெயிலடிக்கும் இடத்தில் 1 கிலோவாட் பேனல் சராசரியாக நாளைக்கு 4 யூனிட் தரும். 5 கிலோவாட் போட்டால் 20. பாதி உங்களுக்கு வேண்டாதது. அது கிரிட்டுக்கு, அதாவது மின்வாரிய லைனுக்குப் போகும். நீங்கள் கொடுக்கும் யூனிட்டுக்கு, வாங்கும் யூனிட்டின் விலை கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள். பல இடங்களில் கிடைக்காது. பேனலைக் கூட்டக் கூட்டக் கமிஷன் கூடும் என்பதால் ஏஜென்ட் இதைத் தானாகச் சொல்ல மாட்டார். இணைப்புக்கான நிலைக்கட்டணம் இருந்தால், அது சோலார் போட்டாலும் வரும். அப்படியானால் 'பில்லே வராது' என்பது பொய்.

முதலில் கீசரைப் பாருங்கள். 100 லிட்டரை 25 டிகிரி சூடாக்க ஏறத்தாழ 3 யூனிட் ஆகும். சுற்றியுள்ள காற்றின் வெப்பத்தை இழுத்துத் தண்ணீரைச் சூடாக்கும் ஹீட் பம்ப் வகை ஹீட்டர் அதையே 1 யூனிட் அளவில் முடித்துவிடும். இப்போது அதை வாங்கக் கட்டுபடி ஆகாவிட்டால், இருக்கும் கீசருக்கு டைமர் போட்டுப் பகல் 11 மணிக்கு ஓட விடுங்கள். தொட்டியின் இன்சுலேஷன் நன்றாக இருந்தால் மாலை வரை சூடு நிற்கும். ஹீட் பம்ப் வைத்தால் 2 கிலோவாட் சோலார் போதும், இல்லாவிட்டால் இரண்டரை. காலை 9 முதல் 3 மணி வரை பேனல்மேல் எந்த நிழலும் விழக்கூடாது.

கடன்தான் பெரிய பொறி. வட்டி குறைவாகத் தெரிவதற்காகக் கடனுக்கான கட்டணத்தை அசலிலேயே ஏற்றிவிடுவதுண்டு. ரொக்கமாகக் கட்டினால் என்ன விலை, கடனில் வாங்கினால் மொத்தம் எவ்வளவு என்று இரண்டையும் எழுத்தில் கேளுங்கள். எழுதித் தர மறுப்பவரிடம் பேச்சை வளர்க்காதீர்கள். முழுப் பணத்தையும் போட்ட பிறகுதான் அரசு மானியம் என்று விதி வைத்தால், கையில் காசில்லாத குடும்பம் இப்படிக் கடன் தருகிறவர்களிடம் போகாமல் வேறெங்கே போகும்? வாடகைக்குக் குடியிருப்பவருக்கு அந்த வழியும் இல்லை. விதி எழுதுகிறவர்களுக்கு இது இன்னும் உறைக்கவில்லை.

பேட்டரி இப்போது வேண்டாம். இதற்கு ஒரு விலக்கு உண்டு. வீட்டில் ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் (காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் மின்கருவி) போன்ற கருவியை நம்பி யாராவது இருந்தால், பேட்டரி கட்டாயம். பேனல் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் சாதாரண கிரிட் இன்வெர்ட்டர், கரண்ட் போனதும் பாதுகாப்புக்காகத் தானும் நின்றுவிடும். மொட்டை வெயிலிலும் ஒரு விளக்குகூட எரியாது. 350 வாட் கருவி 4 மணி நேரம் ஓட 1.4 யூனிட் வேண்டும். இன்வெர்ட்டர் இழப்பையும் சேர்த்தால் 2 யூனிட் லித்தியம் பேட்டரி கணக்குக்குச் சரிவரும், 3 இருந்தால் நிம்மதி. 10 தேவையில்லை. அந்தக் கருவிக்கும் ஒன்றிரண்டு விளக்குக்கும் மட்டும் தனி சர்க்யூட் இழுக்கச் சொல்லுங்கள். கீசரையோ ஏசியையோ அதில் சேர்த்தால் பேட்டரி சீக்கிரமே காலியாகிவிடும். பேட்டரியோடும் ஓடும் இன்வெர்ட்டரை 'ஹைப்ரிட்' என்பார்கள்; அந்தப் பெயரை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். வேலை முடிந்ததும் மெயினை அணைத்து, கருவி ஓடுகிறதா என்று எதிரிலேயே காட்டச் சொல்லுங்கள். கருவிக்கு மாற்றாக ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்றும் எப்போதும் இருக்கட்டும்.

சோலாருக்கான விண்ணப்பமும் அதன் பாஸ்வேர்டும் உங்கள் பெயரில், உங்கள் கையில் இருக்க வேண்டும். ஏஜென்டுக்குத் தரும் கடைசித் தவணையை, வரும் யூனிட்டையும் போகும் யூனிட்டையும் தனித்தனியே எண்ணும் இரு திசை மீட்டர் பொருத்தி முதல் ரீடிங் வரும்வரை நிறுத்தி வையுங்கள். அந்த மீட்டர் வரும் முன்பே சோலாரை ஆன் செய்ய விடாதீர்கள்: சில மின்னணு மீட்டர்கள் வெளியே போகும் யூனிட்டையும் நீங்கள் செலவழித்ததாகக் கூட்டிவிடும். பிறகு அந்தப் பில்லைத் திருத்த நீங்கள்தான் அலைய வேண்டும்.