வெள்ளைத்தாளில் எழுதிய உயில் செல்லுமா?

கே: அப்பா சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய வீட்டை எனக்கும் தங்கைக்கும் வெள்ளைத்தாளில் உயில் எழுதி வைத்துவிட்டு இறந்துபோனார். முத்திரைத்தாளும் இல்லை, பதிவும் இல்லை, அதனால் செல்லாது என்கிறார் அண்ணன்.
- வாசகி, தண்டையார்பேட்டை

ப: உயிலுக்கு முத்திரைத் தீர்வையே கிடையாது. பதிவும் கட்டாயமில்லை. 1925-ம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 63-வது பிரிவு பார்ப்பது சாட்சியைத்தான். எழுதியவரின் கையெழுத்து அல்லது கைரேகை, அதற்குக் குறைந்தது 2 சாட்சிகள். அப்பா கையெழுத்திட்டதை ஒவ்வொரு சாட்சியும் நேரில் பார்த்திருக்க வேண்டும், அல்லது 'நான் போட்டதுதான்' என்று அவரே சொல்லியிருக்க வேண்டும். பிறகு அவர் கண்ணெதிரில் சாட்சியும் கையெழுத்திட வேண்டும். இருவரும் ஒரே நேரத்தில் இருந்திருக்கத் தேவையில்லை.

தாளைப் பக்கத்துத் தெருவுக்குக் கொண்டுபோய் வாங்கிவந்த சாட்சிக் கையெழுத்து என்றால் உயில் அங்கேயே விழுந்துவிடும், பதிவு செய்திருந்தாலும்கூட! வழக்கு வந்தால் உயிரோடிருக்கும் சாட்சிகளில் ஒருவராவது கூண்டேற வேண்டும். இருவருமே இறந்திருந்தால், ஒரு சாட்சியின் கையெழுத்தையும் அப்பாவின் கையெழுத்தையும் அவரவருடையதுதான் என்று நிரூபிக்க வேண்டும். சாட்சிகள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று முதலில் விசாரியுங்கள். அண்ணனோடு வாதம் அப்புறம்.

கே: எனக்கு வயது 68. வீட்டை மகளுக்கு எழுதப் போகிறேன். மருமகனைச் சாட்சியாகப் போடலாமா?
- வாசகர், திருவொற்றியூர்

ப: வேண்டாம். நீங்கள் கிறிஸ்தவர் என்றால், சாட்சியின் மனைவிக்கு எழுதியது செல்லாமல் போகும். இதைச் சொல்லும் வாரிசுரிமைச் சட்டத்தின் 67-வது பிரிவு இந்துக்களுக்குப் பொருந்தாது. ஆனாலும் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு இதைவிட நல்ல பிடி கிடைக்காது. உங்களைவிட வயதில் இளையவர்களாக, சொத்தில் சம்பந்தமில்லாத இருவரைப் போடுங்கள்.

சொத்து விவரத்தில்தான் நம் பகுதியில் நிறையக் குளறுபடி. ஒரே வீட்டுக்குப் பழைய கதவு எண், புதிய கதவு எண் என்று இரண்டு இருக்கும், இரண்டையும் எழுதுங்கள். கிரயப் பத்திர எண், ஆண்டு, சர்வே எண், அளவு, நான்கெல்லை எல்லாம் பத்திரத்தில் உள்ளபடியே இருக்கட்டும். அரசு வீட்டு வாரியம் ஒதுக்கிய வீடாக இருந்து உங்கள் பெயருக்குக் கிரயப் பத்திரம் ஆகவில்லை என்றால், முதலில் அதை முடியுங்கள். கையில் இல்லாத உரிமையை உயிலால் கொடுக்க முடியாது.

அடித்தல் திருத்தல் இருந்தால் அந்த இடத்தில் நீங்களும் சாட்சிகளும் கையெழுத்திட வேண்டும். மறுபடி சுத்தமாக எழுதிவிடுவதே மேல். உயிலை நிறைவேற்றுபவர் ஒருவரைப் பெயர் சொல்லி நியமியுங்கள். அப்படி ஒருவர் இல்லாவிட்டால் நீதிமன்றத்தில் புரொபேட் (உயில் உண்மையானது என்று நீதிமன்றம் தரும் சான்று) கேட்க முடியாது, சொத்தை நிர்வகிக்க அதிகாரம் தரும் நிர்வாக உரிமை ஆணைக்குத்தான் மனுப் போட வேண்டும்.

கே: இறந்தவரின் வங்கி டெபாசிட்டுக்குத் தம்பிதான் நாமினி. பணம் முழுதும் அவனுக்கா?
- வாசகர், வியாசர்பாடி

ப: இல்லை. நாமினி பணத்தை வாங்கும் கைதான். உயில் இருந்தால் அதன்படி போகும். இல்லாமல் இறந்தவர் இந்து ஆண் என்றால் தாய், மனைவி, மகன்கள், மகள்கள் எல்லோருக்கும் சம பங்கு. வங்கி நாமினியிடம்தான் பணத்தைக் கொடுக்கும். தம்பி பிரித்துத் தர மறுத்தால் சிவில் வழக்குத்தான் வழி.