பாறு போனால் யாருக்கு நஷ்டம்?

கேள்வி: காட்டு விலங்குகளைக் காப்பாற்ற வேண்டும் என்று அடிக்கடி எழுதுகிறீர்கள். டைனோசர்கூடத்தான் அழிந்துபோனது, உலகம் நின்றுவிட்டதா? மனுஷனுக்கே வழியில்லாதபோது மிருகங்களுக்கு இவ்வளவு செலவு தேவையா?

பதில்: உலகம் நிற்கவில்லை, சரி. ஆனால் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் விண்கல் விழுந்து காலியான இடத்தைப் புதிய உயிர்கள் வந்து நிரப்ப லட்சக்கணக்கான ஆண்டுகள் பிடித்தன. அதுவரை காத்திருக்க உங்களாலும் ஆகாது, என்னாலும் ஆகாது.

செலவுக் கணக்குக்கு வருவோம். புலி, யானை என்றால் பரிந்து பேச ஆயிரம் பேர் இருக்கிறார்கள். யாருக்கும் பிடிக்காத ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். பிணந்தின்னிக் கழுகு என்கிறோமே, அந்தப் பாறு.

மொட்டைத் தலை, மொட்டைக் கழுத்து. செத்த மாட்டின் வயிற்றுக்குள் கழுத்தை விட்டுத் தின்னும்போது ரத்தமும் சதையும் அப்பிக்கொள்ள அங்கே இறகு கிடையாது. நம்மைக் கொன்றுவிடக்கூடிய கிருமிகளோடு சேர்த்து அழுகல் இறைச்சியைச் செரித்துவிடும் அளவுக்கு அதன் வயிற்று அமிலம் கடுமையானது. கூட்டமாக இறங்கினால் ஒரு மாடு ஒரு மணி நேரத்துக்குள் வெறும் எலும்புக்கூடு. பறப்பதைக் கேட்டால் இன்னும் அசந்துபோவீர்கள். 1973-ல் ஆப்பிரிக்காவின் ரூப்பெல் பாறு ஒன்று ஐவரி கோஸ்ட் வானில் விமானத்தோடு மோதியது. அப்போது விமானம் இருந்த உயரம் சுமார் 11,300 மீட்டர். எவரெஸ்ட் சிகரத்தைவிட இரண்டு கிலோமீட்டருக்கு மேல் உயரம்! ஆக்சிஜன் இல்லாமல் அங்கே ஒரு நிமிடம் நினைவோடு இருப்பதே நமக்குக் கஷ்டம்.

பாறுகள் இந்தியாவிலும் ஒரு காலத்தில் எங்கும் இருந்தன. 1992-லிருந்து 2007-க்குள் அவற்றில் வெண்முதுகுப் பாறு என்ற இனம் ஆயிரத்தில் ஒன்றுகூட மிஞ்சாத நிலைக்கு வந்துவிட்டது. யாரும் சுடவில்லை, வலை விரிக்கவில்லை. மாடுகளின் வலி, காய்ச்சலுக்குக் கொடுத்த டைக்ளோஃபினாக் மருந்துதான் காரணம் என்பது 2004-ல் உறுதியானது. மருந்து போட்ட மாடு சீக்கிரமே செத்து, அதைப் பாறு தின்றால் அதன் சிறுநீரகம் செயலிழக்கும். வெளியேற வேண்டிய யூரிக் அமிலம் ஈரல், இதயத்தின்மேல் வெள்ளைப் பொடியாகப் படியும். சில நாட்களில் சாவு. இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், செத்த மாடுகளில் நூற்றுக்கு ஒன்றில்கூட இந்த மருந்து இருக்க வேண்டியதில்லை. அதற்கும் குறைவாக இருந்தாலே ஒரு இனத்தைத் துடைத்தெறியப் போதும்.

அப்புறம் என்ன ஆனது? செத்த மாடுகள் அப்படியே கிடந்து அழுகின, தண்ணீரில் கலந்தன. தின்ன வந்த தெருநாய்கள் பெருகின, அவற்றோடு வெறிநாய்க்கடியும். 2000 முதல் 2005 வரை பாறுகள் இல்லாததால் இந்தியாவில் கூடுதலாக இறந்த மனிதர்கள் சுமார் 5 லட்சம் என்று 2024-ல் வெளிவந்த ஒரு பொருளாதார ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. வழியில்லாத மனுஷன் என்றீர்களே, நாய்க்கடிக்கு ஊசி போட ஆஸ்பத்திரிவரை போக முடியாமல் சாகிறவர் அவர்தான். விலங்குக்கா மனுஷனுக்கா என்று நீங்கள் பிரித்துக் கேட்டதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாததற்கு இதுவே காரணம்.

சரி, பாறு நமக்கு உபயோகப்பட்டது, உபயோகமில்லாததைக் காப்பாற்றுவானேன் என்று கேட்பீர்கள். பாறுவின் உபயோகமே அது போன பிறகுதானே நமக்குப் புரிந்தது? ஸ்டெல்லர் கடல்பசுவுக்கு அந்த வாய்ப்பும் இல்லை. வட பசிபிக்கில் எட்டு மீட்டர் நீளத்துக்கு வளர்ந்து, கடற்பாசியை மேய்ந்து வாழ்ந்த சாது. 1741-ல் அறிவியல் உலகுக்குத் தெரியவந்தது. 1768-க்குள் கடைசி ஒன்றையும் கொன்று தின்றுவிட்டார்கள். மொத்தம் 27 ஆண்டுகள்தான். அதை உயிரோடு பார்த்து எழுதிவைத்த ஒரே இயற்கை ஆய்வாளர் ஜார்ஜ் ஸ்டெல்லர். பெண் கடல்பசுவைக் கொன்று கரைக்கு இழுத்துப் போட்டபின், அதன் துணை அடுத்தடுத்து இரண்டு நாள் அந்தக் கரையைத் தேடி வந்ததை அவர் குறித்திருக்கிறார். இதைப் படித்த பிறகு 'உன்னால் என்ன உபயோகம்' என்று ஒரு மிருகத்தைப் பார்த்துக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

காப்பாற்றுவது முடியாத காரியமும் இல்லை. அரேபிய ஓரிக்ஸ் மான் 1972-ல் காட்டில் அடியோடு இல்லாமல் போனது. பிடித்து வளர்த்து வைத்திருந்தவற்றின் குட்டிகளை 1982-ல் ஓமன் பாலைவனத்தில் விட்டார்கள். இன்று ஆயிரத்துக்கு மேல் திறந்த வெளியில் திரிகின்றன. பாறுவுக்கு வேண்டியிருந்ததோ மருந்தை மாற்றுவது மட்டும்தான். கால்நடைகளுக்கு டைக்ளோஃபினாக் கொடுப்பதை 2006-ல் இந்தியா தடை செய்தது. அதே வேலையைச் செய்யும் மெலாக்ஸிகாம் பாறுகளை ஒன்றும் செய்வதில்லை. ஆனால் பாறு வருஷத்துக்கு ஒரே முட்டைதான் இடும், அதுவும் ஐந்து வயதானபின். பதினைந்து வருஷத்தில் போனது அதே வேகத்தில் திரும்பாது. பாறுவுக்கு ஆகாத கீட்டோப்ரோஃபென், அசிக்ளோஃபினாக் என்ற வேறு இரண்டு வலி மருந்துகளையும் கால்நடைகளுக்குக் கொடுக்கக் கூடாதென்று 2023-ல்தான் தடை வந்தது. உங்கள் வீட்டில் மாடு இருந்தால், அடுத்த முறை டாக்டர் ஊசி எடுக்கும்போது அது எந்த மருந்து என்று ஒரு வார்த்தை கேளுங்கள். இதற்குச் செலவே இல்லை.