முழு மீன் வாங்கும்போது கண்ணை மட்டும் பார்த்தால் போதுமா?

கேள்வி: கண் தெளிவாக இருந்தால் புதிய மீன் என்று சொல்வார்கள். அதை நம்பி ஒரு முழு மீனை வாங்கி வந்தேன். வயிற்றைக் கீறியதும் வாடை தாங்க முடியவில்லை. அதே நாளில் கண் மங்கிய மீனை வாங்கிய பக்கத்து வீட்டுக்காரரோ, தம் மீன் நன்றாக இருந்தது என்கிறார். அப்படியானால் கண்ணைப் பார்ப்பதில் பயன் உண்டா?

பதில்: பயன் உண்டு, ஆனால் கண்ணோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. புதிய மீனின் கண் சற்றுப் புடைத்து, பளபளப்பாக, பாவை கறுத்துத் தெரியும். நாள் ஆக ஆகத் தட்டையாகிக் குழிந்து, மேலே வெண்படலம் படரும். எனினும், ஐஸ் நேரடியாகப் பட்டாலும் வலையில் அடிபட்டாலும் நல்ல மீனின் கண்ணும் மங்கிப் போகும். பக்கத்து வீட்டாரின் மீனுக்கு அப்படி நேர்ந்திருக்கலாம்.

நான் அதிகம் நம்புவது செவுளைத்தான். செவுள் மூடியைத் தூக்கி, வெளி வரிசையோடு உள் வரிசைகளையும் காட்டச் சொல்லுங்கள். இரத்தத்தில் உள்ள நிறமி காற்றுப்பட்டு மாறுவதால் சிவப்பு மெல்லப் பழுப்பாகும். அதைவிட, செவுள் இழைகளுக்கு இடையே உள்ள வழவழப்பு கண்ணாடி போல இல்லாமல் பால்நிறத்தில் கெட்டியாகத் திரண்டிருந்தால், சிவப்பு எஞ்சியிருந்தாலும் அந்த மீனை நான் வாங்க மாட்டேன். முகர்ந்து பார்க்க வேண்டிய இடமும் அதுவே. கடல் மீனின் தசையில் இயல்பாக உள்ள டிரைமெத்திலமைன் ஆக்சைடுக்கு வாடை கிடையாது. பாக்டீரியாக்கள் அதை டிரைமெத்திலமைனாக மாற்றும்போதுதான் நாம் 'மீன் கவிச்சி' என்று சொல்லும் வாடை எழுகிறது. ஐஸில் கிடக்கும் மீனின் மேல்தோலில் அது அவ்வளவாகத் தெரியாது. சுறாவிலும் திருக்கையிலும் அம்மோனியா நெடி அடித்தால், உடலில் உள்ள யூரியா சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

உங்கள் மீனில் கோளாறு வயிற்றில் இருந்தது. மீன் செத்த பிறகும் குடலில் உள்ள நொதிகள் வேலையை நிறுத்துவதில்லை. அவை வயிற்றுச் சுவரையே அரிக்கத் தொடங்கும். இரை நிறைந்த வயிற்றோடு பிடிபட்ட மீனில் இது இன்னும் விரைவாக நடக்கும். ஆகவே வயிற்றைத் தொட்டுப் பாருங்கள்: தொளதொளவென்று இருந்தாலும், ஆசனவாயிலிருந்து நீர் கசிந்தாலும் வேண்டாம். முதுகுச் சதையை விரலால் அழுத்தினால் குழி உடனே நிமிர வேண்டும். மற்றபடி, உடல் விறைத்திருப்பது நல்ல அறிகுறியே.

சூரை, அயிலை, மத்தி ஆகியவற்றில் கூடுதல் கவனம் தேவை. இவற்றைச் சூட்டில் வைத்தால் பாக்டீரியாக்களால் ஹிஸ்டமின் என்ற, ஒவ்வாமை போன்ற உபாதை தரும் பொருள் உருவாகும். சமைத்தாலும் அது அழியாது, வாடையும் அதைக் காட்டிக் கொடுக்காமல் போகலாம். இந்த மீன்களைப் பொறுத்தவரை, மீனைப் பார்ப்பதைவிடக் கடையைப் பார்ப்பதே மேல்: நிறைய ஐஸுக்குள் புதைத்து வைத்திருக்கிறார்களா, அல்லது ஒப்புக்கு நான்கு துண்டு ஐஸைத் தூவி வெயிலில் பரப்பியிருக்கிறார்களா என்று கவனியுங்கள்.

மீனைச் சுத்தம் செய்து தருவதாகக் கடைக்காரர் சொன்னால், செவுளையும் வயிற்றையும் சோதித்த பிறகே கத்தி வைக்க விடுங்கள். துண்டு போட்ட பிறகு இந்த அடையாளங்களில் பெரும்பாலானவை குப்பைக் கூடைக்குப் போய்விடும். முடிந்தால் பணம் கொடுக்கும் முன்பே, உங்கள் கண்ணெதிரே வயிற்றைக் கீறச் சொல்லுங்கள்.