மிலாறு அடுப்புக்குப் பற்றரி புளோவர்: எதை வாங்கலாம், எதை விடலாம்?

கேள்வி: மழை தொடங்கினால் மிலாறு (விறகாக எரிக்கும் தேயிலைக் குச்சி) ஈரமாகிவிடுகிறது. ஊதுகுழலில் ஊதி ஊதி அம்மாவுக்கு ஓயாத இருமல். சூடு வராமல் காற்று மட்டும் வரும் பழைய ஹெயார் ட்ரையர் ஒன்று வீட்டில் கிடக்கிறது. அடுப்பு ஊத அதைப் பற்றரியில் ஓட வைக்கலாமா? (ஹட்டன் வாசகி)

பதில்: தாராளமாக. பெரும்பாலும் சூடாக்கும் சுருள்தான் அறுந்திருக்கும், மோட்டர் நல்ல நிலையில் இருக்கிறது. சாதாரண ட்ரையர்களுக்குள் இருப்பது 12 முதல் 24 வோல்ட் வரையான சிறிய டீசீ (நேர் மின்னோட்ட) மோட்டர். 230 வோல்ட்டை அதற்கு ஏற்ற அளவுக்கு இறக்கித் தருவது உள்ளே இருக்கும் இன்னொரு மெல்லிய சுருள்.

முதல் வேலை, பிளக் வயரை அடியோடு வெட்டி எடுப்பது. மிச்சம் வைத்தால் என்றாவது ஒருநாள் யாராவது சுவரில் செருகிவிடுவார்கள். பிறகு மூடியைக் கழற்றி, மைக்கா தகட்டோடு சுருள்கள் எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். மோட்டரின் பின்பக்கம் நான்கு சின்ன டயோடுகள் ஈயத்தால் ஒட்டப்பட்டிருக்கும். அவற்றையும் நீக்கி, மோட்டரின் இரண்டு முனைகளிலும் நேராக வயர் வையுங்கள். டயோடுகளை விட்டுவைத்தால் சுமார் 1.4 வோல்ட் வீணாகும். பற்றரி கொடுத்ததும் வாய்ப்பக்கம் ஒரு கடதாசித் துண்டைப் பிடியுங்கள். உள்ளே இழுத்தால் வயர்களை இடம் மாற்றுங்கள்.

வாங்க வேண்டியவை: 12 வோல்ட், 7 அம்பியர் மணி சீல் பற்றரி (மூடிய ஈய அமில வகை), 5 அம்பியர் பியூஸ், சுவிட்ச், 1 சதுர மில்லிமீற்றர் வயர். மருந்தடிக்கும் மெஷினின் பழைய பற்றரி நல்ல நிலையில் இருந்தால் அதுவே போதும். பியூஸ் பற்றரியின் பிளஸ் முனைக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். மோட்டர் 1.5 அம்பியர் இழுத்தால் கணக்குப்படி நாலரை மணி நேரம், நடைமுறையில் அதைவிடக் குறைவு. 10.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்க விட்டால் பற்றரி சீக்கிரம் செத்துவிடும்.

பலரும் தவறுவது குழாயில். ட்ரையரின் பிளாஸ்டிக் வாய் அடுப்புக்கிட்டே போனால் உருகும். ஒன்றரை அடி நீள இரும்புக் குழாய் பூட்டுங்கள், விட்டம் ஒன்றேகால் அங்குலத்துக்குக் குறையக் கூடாது. உள்ளே இருப்பது விசிறி இறக்கை. அரை அங்குலக் குழாயில் அதனால் காற்றைத் தள்ள முடியாது, காற்று பின்வழியாகவே திரும்பிவிடும். நிறுத்துவதற்கு முன் குழாயை அடுப்பிலிருந்து எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் புகையும் சூடும் மோட்டருக்கே ஏறும்.

கேள்வி: சீல் பற்றரி பாரம். 9,800 மில்லி அம்பியர் மணி என்று எழுதிய 18650 அளவு லித்தியம் செல் மலிவாகக் கிடைக்கிறது. மூன்று வாங்கலாமா? (பண்டாரவளை வாசகர்)

பதில்: வேண்டாம், அந்த 9,800 என்ற எண் பொய். அந்த அளவுச் செல்லில் நல்ல தயாரிப்பே பொதுவாக 3,600 மில்லி அம்பியர் மணி அளவைத் தாண்டுவதில்லை. தராசில் வைத்துப் பாருங்கள்: நல்ல செல் 45 கிராம் அளவில் இருக்கும், போலி பெரும்பாலும் அதைவிடக் கணிசமாக இலேசு. லித்தியம்தான் வேண்டுமென்றால் ஒரே வகை நல்ல செல்கள் மூன்று, அவற்றுக்கான 3எஸ் (மூன்று செல்களைத் தொடராக இணைக்கும்) பாதுகாப்புப் பலகை, 12.6 வோல்ட் சார்ஜர் மூன்றையும் சேர்த்தே வாங்குங்கள். சீல் பற்றரியின் சார்ஜர் 14 வோல்ட் வரை போகும். அதை லித்தியத்தில் மாட்டவே கூடாது. பற்றுச்சீட்டில் அளவை எழுதி வாங்குங்கள். ஏமாற்றியது தெரிந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் முறையிடலாம்.

கேள்வி: வெக்யூம் கிளீனர் மோட்டர் இன்னும் பலமாக ஊதுமே?

பதில்: ஊதும், ஆனால் அது 230 வோல்ட் மோட்டர். 1,200 வொட் என்றால் 12 வோல்ட்டில் 100 அம்பியர் வேண்டும். ட்ரையர் இல்லாதவர்கள் நத்தைக்கூடு வடிவில் வரும் 12 வோல்ட் புளோவர் விசிறி வாங்கலாம். ஒடுக்கமான குழாயிலும் அது காற்றைத் தள்ளும்.