மேய்ச்சல் நிலத்தில் எருக்கு மண்டிவிட்டது. வெட்ட வெட்டத் துளிர்க்கிறது. எப்படி ஒழிப்பது?

"வெட்ட வெட்ட" என்று நீங்களே எழுதிவிட்டீர்கள், கோளாறு அங்கேதான். அரிவாளைக் கீழே வையுங்கள்.

நானும் இரண்டு வருஷம் தரையோடு தரையாக வெட்டினேன். ஒற்றைத் தண்டாக நின்ற செடியெல்லாம் அடுத்த மழைக்குப் புதராகிவிட்டது. மூன்றாம் வருஷம் ஓங்கி வெட்டியதில் பால் கண்ணில் தெறித்தது. பெரிய எரிச்சல் இல்லை, துண்டால் துடைத்துக்கொண்டு மேலும் நாலு செடி சாய்த்தேன். சாயங்காலம் விளக்கைச் சுற்றி வானவில் வளையம். ஆடுகளை எண்ணினால் ஒன்று கூடுதலாக வருகிறது! வலி தெரியாமலே கருவிழி வீங்குவதுதான் எருக்கம்பாலின் குணம் என்றார் கண் டாக்டர். தெறித்தால் உடனே கால்மணி நேரம் தண்ணீர் விட்டுக் கழுவி, அன்றே டாக்டரிடம் போங்கள். வலிக்கவில்லையே என்று இருந்துவிடாதீர்கள்.

முதலில் உங்களுடையது எருக்குதானா என்று பாருங்கள். காம்பே இல்லாதது போல் தண்டை ஒட்டி, எதிரெதிராக, மாவு பூசிய தடித்த இலை. கிள்ளினால் பால். இதழ் விரிந்து மடங்கியிருந்தால் பெரிய எருக்கு. நிமிர்ந்து நுனியில் ஊதா இருந்தால் அதன் தம்பி. இரண்டுக்கும் வைத்தியம் ஒன்றுதான்: மண் ஈரமாக இருக்கும்போது கடப்பாரை போட்டு, தண்டும் வேரும் சேரும் கழுத்துக்குக் கீழே வேரோடு நெம்ப வேண்டும். கன்றுகளைக் கையாலேயே பிடுங்கலாம். காய் வெடிக்கும் முன் முடித்துவிடுங்கள், பஞ்சோடு விதை பறந்தால் பழைய குருடி கதவைத் திறடிதான். களைக்கொல்லியும் அடித்துப் பார்த்தேன், இலை மெழுகில் பட்டு உருண்டோடியது.

மூலிகையை அழிக்கலாமா என்று சண்டைக்கு வருபவர்களுக்கு: இரண்டு செடி விட்டுத்தான் வைத்திருக்கிறேன், வரிப்புழு தின்று பட்டாம்பூச்சியாவதற்கு. காயை மட்டும் பச்சையிலேயே பறித்துவிடுவேன். எருக்கு மேல் எனக்குப் பகையில்லை. அது புல்லை விரட்டவில்லை, நான் ஆட்டை விட்டு மொட்டையடித்த இடத்தில்தான் முளைத்தது. பிடுங்கிய பகுதியில் ஒரு மழைக்காலம் முழுக்க மேய்ச்சலை நிறுத்திய பிறகே புல் தலைகாட்டியது.

நிறுத்துவது எல்லோருக்கும் முடியாது, தெரியும். எனக்கும் நிலம் கொஞ்சம்தான். பாகம் பிரித்தபோது கிணற்றுப் பக்கத்தை அண்ணன் எடுத்துக்கொண்டார், மேட்டுச் சரளை எனக்கு வந்தது. "நீ ஆடுதானே வளர்க்கிறாய்" என்றார். அவர் வரப்பில் ஆளுயர எருக்கு ஐந்து நிற்கிறது. போன வாரம் பார்த்தேன், காய் வெடித்துவிட்டது. காற்று என் பக்கமாகத்தான் அடிக்கிறது.