ஜாமீன் போட யார் வருவார்?

அன்புள்ள அக்கா,

தூத்துக்குடி பக்கம் ஒரு திருச்சபைச் சேகரத்தில் வாலிபர் சங்கச் செயலாளராக இருக்கிறேன். இந்த வருடம் சிறை ஊழியம் தொடங்கலாம் என்று எங்கள் சங்கத்தில் தீர்மானம் போட்டோம். கமிட்டியில் பெரியவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. "தப்பு செய்தவன் அனுபவிக்கட்டும், நம் பிள்ளைகளுக்கு அங்கே என்ன வேலை?" என்கிறார் ஒரு மூப்பர். மதமாற்றம் என்று யாராவது புகார் கொடுத்துவிட்டால் என்ன செய்வது என்று இன்னொருவர் பயப்படுகிறார். கைதிகளிடம் என்ன பேச வேண்டும், எந்த வேதபகுதியை எடுக்கலாம், கிட்டார், கீபோர்டு கொண்டுபோகலாமா, பக்கத்துச் சபைகளை இதில் எப்படி இழுப்பது என்று நீங்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

அன்புடன்,
ஜெ.

அன்புள்ள ஜெ.,

ஜாமீன் கிடைத்த பிறகும் வெளியே வர முடியாமல் சிறையிலேயே கிடக்கிறவர்களைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. அதனால் நீங்கள் கேட்டது ஒன்றும் நான் சொல்வது இன்னொன்றுமாகப் போகலாம். கொஞ்சம் திட்டும் விழும். அக்கா என்று கூப்பிட்டுவிட்டீர்கள், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிட்டார், கீபோர்டு பற்றி சிறைக் கண்காணிப்பாளருக்கு எழுதிக் கேளுங்கள். அவர் சரி என்றால் கொண்டுபோங்கள். வேதபகுதியை உங்கள் குருவானவர் என்னைவிட நன்றாகத் தேர்ந்து கொடுப்பார். மதமாற்றப் புகாருக்குப் பயந்தால், முறையாக அனுமதி வாங்கிப் போங்கள், யார் சாமியையும் பழிக்காதீர்கள், வர விருப்பமில்லாதவரை வற்புறுத்தி உட்கார வைக்காதீர்கள். அவ்வளவுதான்.

மூப்பர் சொன்னதை அப்படி விட முடியாது. செய்தான் என்று அவருக்கு யார் சொன்னது? 2022 முடிவில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் ஏறத்தாழ 5.73 லட்சம் பேர். அதில் 4.34 லட்சம் பேர் விசாரணைக் கைதிகள். நாலில் மூன்று பேர் மேல் எந்தத் தீர்ப்பும் வரவில்லை. ஞாயிறுதோறும் எழுந்து நின்று விசுவாசப் பிரமாணத்தில் "பொந்தியு பிலாத்துவின் காலத்தில் பாடுபட்டு" என்று சொல்கிறவர்தானே உங்கள் மூப்பர்? ராத்திரியில் பிடித்துக்கொண்டு போய், அவசர அவசரமாக விசாரித்து, விடிந்ததும் பிலாத்துவிடம் ஒப்படைத்த ஒருவரைத்தான் அவர் ஆண்டவர் என்று கும்பிடுகிறார். இதை நான் சொன்னதாகவே அவரிடம் சொல்லுங்கள்.

இனி உங்களுக்கு. நம் சபைகள் சிறைக்குப் போவதே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. டிசம்பர் வந்தால் போகின்றன. கல்லூரிப் பருவத்தில் பாடகர் குழுவோடு நானும் போயிருக்கிறேன். ஷாமியானா போட்டிருந்தார்கள். வரிசையாக ஆண்கள் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கு ஒரு கேக் பாக்கெட், ஒரு ஆரஞ்சு, வசனம் போட்ட காலண்டர். பாட்டு முடிந்து பாக்கெட் கொடுத்துக்கொண்டு வரும்போது, கடைசி வரிசையில் இருந்த ஒருவர் கேக்கை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு எங்கள் குழுத் தலைவரிடம் மெதுவாகக் கேட்டார்: "சார், எனக்கு பெயில் ஆர்டர் வந்து ரெண்டு மாசமாச்சு. ஜாமீன் போட ஆள் இல்ல. உங்கள்ல யாராவது வருவீங்களா?" தலைவர் அவர் தோளைத் தட்டி, "ஜெபிக்கிறோம் பிரதர்" என்றார். அந்த வருடச் சபை மலரில் படம் வந்தது. கேக் கொடுக்கிற கை நன்றாக விழுந்திருந்தது.

கோர்ட்டு பக்கமே போகாத குடும்பத்தில் பிறந்திருப்பீர்கள், அதனால் விவரமாகச் சொல்கிறேன். நீதிபதி ஜாமீன் கொடுத்துவிட்டால் கதவு திறந்துவிடும் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறோம். பெரும்பாலும், இவன் வழக்குக்கு ஒழுங்காக வருவான் என்று இன்ன தொகைக்கு இரண்டு பேர் பொறுப்பேற்று ஜாமீன் போட வேண்டும் என்று உத்தரவு வரும். அந்த இரண்டு பேரும் ஆதார், ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீது என்று கேட்டதையெல்லாம் எடுத்துக்கொண்டு நேரில் போய் நிற்க வேண்டும். சில உத்தரவுகளில் ஒருவர் ரத்த சொந்தமாக இருக்க வேண்டும் என்றும் போடுவார்கள். வீடே இல்லாதவனுக்கு எந்த வீட்டு வரி ரசீது? ஒடிசாவிலிருந்து கட்டட வேலைக்கு வந்தவனுக்கு இங்கே எந்த ரத்த சொந்தம்? கோர்ட்டு வாசலில் கூலிக்கு ஜாமீன் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதற்கும் காசு வேண்டும், போலி ரசீது என்று தெரிந்தால் அது தனி வழக்கு.

இது இன்று நேற்று வந்த சிக்கல் இல்லை. 1978-இல் மோதி ராம் என்ற கொத்தனாரின் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. அதே நீதிமன்றம் ஏற்கெனவே அவருக்கு ஜாமீன் கொடுத்திருந்தது. கீழே இருந்த மாஜிஸ்திரேட் 10,000 ரூபாய்க்கு ஜாமீன்தாரர் கேட்டார். கொத்தனாரின் அண்ணனோ தம்பியோ முன்வந்தபோது, அவருக்குச் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று தள்ளிவிட்டார். நீதிபதி கிருஷ்ணய்யர் அதைக் கிழி கிழி என்று கிழித்து, 1,000 ரூபாய்க்கு அந்த மனிதர் தானே எழுதிக் கொடுக்கும் பத்திரத்தில் விடச் சொன்னார். கிருஷ்ணய்யரே 1948-இல் சிறையில் இருந்தவர். அந்தத் தீர்ப்புக்கு நாற்பத்து நாலு வருடம் கழித்து, 2023 ஜனவரியில், அதே உச்ச நீதிமன்றம் உள்ளூர் ஜாமீன்தாரர்தான் வேண்டும் என்று நிபந்தனை போடாதீர்கள் என்று கீழ் நீதிமன்றங்களுக்குத் திரும்பவும் சொல்ல வேண்டியிருந்தது. ஜாமீன் கிடைத்து ஏழு நாளில் ஒருவர் வெளியே வராவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர், ஏழைகளுக்கு இலவசச் சட்ட உதவி தருகிற மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் அந்த உத்தரவில் இருக்கிறது. நீங்கள் முதலில் போய் நிற்க வேண்டிய இடம் அந்த ஆணைக்குழுவின் அலுவலகம்தான். ஏழை விசாரணைக் கைதியின் ஜாமீன் தொகைக்கு மத்திய அரசு பண உதவி கொடுக்கிற திட்டமும் 2023-இல் வந்தது. எங்கே போய்க் கேட்பது என்று உள்ளே இருப்பவனுக்குத் தெரியாது. படித்த பிள்ளைகள் நீங்கள் விசாரித்துச் சொல்லலாமே.

ஜாமீன் போட்டவர்களை நான் பார்க்காமல் பேசவில்லை. என் சித்தப்பா அப்படி ஒருவர். பெரிய பக்திமான் என்று சொல்ல முடியாது, இரண்டாவது மணி அடித்த பிறகுதான் கோயிலுக்கு வருவார், பிரசங்கத்தில் தூங்குவார். எங்கள் தெருவுக்கு டீ கொண்டுவரும் பையனை சைக்கிள் திருட்டில் பிடித்துப் போட்டபோது, வீட்டு வரி ரசீதை ஹார்லிக்ஸ் பாட்டில் அட்டைப் பெட்டியிலிருந்து தேடி எடுத்துக்கொண்டு போய்விட்டார். சித்தி இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. கோர்ட்டில் உறவா என்று கேட்டிருக்கிறார்கள். "இல்லை ஐயா, டீ கொண்டு வருவான்" என்று சொல்லியிருக்கிறார். பையன் இரண்டு வாய்தாவுக்கு ஒழுங்காக வந்தான், மூன்றாவதுக்கு வரவில்லை. கோர்ட்டிலிருந்து சித்தப்பாவுக்கு நோட்டீஸ் வந்தது. திருப்பூருக்கு பஸ் ஏறி, அவன் வேலை பார்த்த பனியன் கம்பெனியைக் கண்டுபிடித்து, முதுகில் இரண்டு வைத்து, பரோட்டா வாங்கிக் கொடுத்துக் கூட்டிவந்தார். ஆள் கிடைக்காமல் போயிருந்தால் எழுதிக் கொடுத்த பணத்தைக் கட்ட வேண்டி வந்திருக்கும். சபையில் அவரைப் புத்தி கெட்டவர் என்றார்கள். பிணைப்படாதே என்று நீதிமொழிகளில் இருப்பதை ஒருவர் வீட்டுக்கே வந்து வாசித்துக் காட்டினார்.

சரி, நீதிமொழிகளை எடுக்கிறவர்கள் பிலேமோனையும் எடுக்க வேண்டும். சிறையில் இருந்துகொண்டு, எஜமானை விட்டுவந்த ஒநேசிமு என்ற அடிமைக்காக, அந்த எஜமான் பிலேமோனுக்கு பவுல் எழுதிய கடிதம் அது. அவன் உனக்கு ஏதாவது கடன்பட்டிருந்தால் "அதை என் கணக்கிலே வைத்துக்கொள்ளும்" என்கிறார். அடுத்த வரியில், நானே என் கையால் எழுதுகிறேன், நான் செலுத்தித் தீர்ப்பேன் என்று உறுதி வேறு கொடுக்கிறார். ஜாமீன் பத்திரம் இதைவிடத் தெளிவாக இருக்காது. இரண்டாம் நூற்றாண்டில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை எப்படி நடந்தது என்று அந்தக் காலத்துக் கிறிஸ்தவ அறிஞர் யுஸ்தினு எழுதிவைத்திருக்கிறார். அன்றைய காணிக்கை அனாதைகளுக்கும் விதவைகளுக்கும் நோயாளிகளுக்கும் போனது, கட்டுண்டு கிடந்தவர்களுக்கும் போனது. நம் காணிக்கையில் காம்பவுண்டுச் சுவர் எழும்புகிறது. சபை விருந்தான அசனத்துக்கு எத்தனை ஆடு என்று முடிவு செய்ய நாம் எத்தனை கூட்டம் போடுகிறோம் என்பதை நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

பாஸ்டன் நகரத்தில் ஜான் அகஸ்டஸ் என்று ஒரு பூட்ஸ் தைக்கிறவர் இருந்தார். 1841-இல் கோர்ட்டில் ஒரு குடிகாரனைப் பார்த்தார், தன் பொறுப்பில் விடச் சொல்லி ஜாமீன் போட்டார். மூன்று வாரத்தில் அவனைத் தெளிந்த மனிதனாகக் கொண்டுவந்து நிறுத்தினார். நீதிபதி ஒரு சென்ட் அபராதம் போட்டு விட்டுவிட்டார். சாகும்வரை அவர் இப்படி மீட்டவர்கள் ஏறத்தாழ 2,000 பேர். சிறைக்கு அனுப்பாமல் மேற்பார்வையில் விடுகிற நன்னடத்தைக் கண்காணிப்பு என்று இன்று நம் சட்டத்தில் இருப்பதற்கு அவர் செய்ததுதான் முன்மாதிரி.

ஆனால் நம் ஊரில் ஒருவரே அத்தனை பேருக்குப் போட முடியாது. ஏற்கெனவே எத்தனை பேருக்கு ஜாமீன் நிற்கிறாய் என்று ஜாமீன்தாரர் எழுதிக் கொடுக்க வேண்டும். சித்தப்பா மாதிரி ஒற்றை ஆள் சீக்கிரம் ஓய்ந்துவிடுவார். இருநூறு குடும்பம் உள்ள சபைக்கு அந்தக் கஷ்டம் இல்லை. குடும்பத்துக்கு ஒரு கைதி என்றாலே உங்கள் பக்கத்துக் கிளைச் சிறையில் ஜாமீன் கிடைத்தும் கிடப்பவர்கள் எல்லாரும் வெளியே வந்துவிடுவார்கள். கொலை வழக்கில் போய் நில்லுங்கள் என்று நான் சொல்லவில்லை. சைக்கிள், செல்போன், அடிதடி என்று சின்ன வழக்குகளில் தொடங்குங்கள். சபையில் ஒரு வக்கீல் கட்டாயம் இருப்பார், அவரைக் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். வாய்தா தேதிகளை ஒரு நோட்டில் எழுதி, முந்தின நாள் போன் போட்டு நினைவுபடுத்த ஒரு பிள்ளையை வையுங்கள். ஓடிப்போகிறவனும் இருப்பான். அதற்கு ஒரு சிறு நிதி ஒதுக்குங்கள், அசனத்தில் ஒரு ஆடு குறையட்டும்.

பக்கத்துச் சபைகளை எப்படி இழுப்பது என்று கேட்டிருந்தீர்கள். முதலில் உங்கள் கமிட்டியிலேயே வீட்டு வரி ரசீது வைத்திருப்பவர்கள் யார் யார் வருவார்கள் என்று கேட்டுப் பெயர் எழுதுங்கள். எத்தனை பெயர் சேர்ந்தது என்று எனக்கு எழுதுங்கள். மூப்பர் பெயர் அதில் இருந்தால் உடனே போன் பண்ணுங்கள், ராத்திரி என்றாலும் பரவாயில்லை.

அன்புடன்,
அக்கா