ஒரே புள்ளை தலையில எத்தனை மூட்டைதான் ஏத்துவீங்க?

ராமநாதபுரம் பக்கத்துல இருந்து ஒரு அக்கா போன் பண்ணாங்க. பையன் பிளஸ் டூ, பயோ மேத்ஸ். விடியக்காலை 5 மணிக்கு ஜேஇஇ ஆன்லைன் கிளாஸ், அப்புறம் ஸ்கூல், சாயங்காலம் நீட் கோச்சிங், ஞாயித்துக்கிழமை ரெண்டுக்கும் டெஸ்ட், நடுவுல ஹிந்தி பரீட்சை வேற. தட்டுல கைய வச்சுக்கிட்டே தூங்கிடுறானாம்.

பயப்படாதீங்கன்னுதான் ஆரம்பிச்சேன். நகைய அடகு வச்சு ரெண்டு கோச்சிங்குக்கும் முதல் தவணை கட்டியாச்சுன்னு சொன்னாங்க பாருங்க, அதுக்கப்புறம் ஆறுதல் சொல்ல வாய் வரல. கொழுந்தனார் பொண்ணு எம்பிபிஎஸ் சேர்ந்துட்டா, சரி, அதுக்கு இவன் என்ன பண்ணுவான்? 2025ல நீட் எழுதுனவங்களே 22 லட்சத்துக்கு மேல, அதுல இவன் பாதித் தூக்கத்துல போய் உக்காரணுமா?

பேச்சுவாக்குல ஒரு புகார் சொன்னாங்க, மொட்டமாடில பழைய சின்டெக்ஸ்ல கப்பி மீன் வளக்குறானாம், தண்ணி மாத்துறதுக்குன்னா மட்டும் தூக்கம் வராதாம். அக்கா, விஷயமே அதான்!

பி.எஃப்.எஸ்சி.ன்னு 4 வருஷ மீன்வளப் படிப்பு இருக்கு. தூத்துக்குடி காலேஜ் 1977லயே வந்தது, பொன்னேரிலயும் இருக்கு, மீன்வள யுனிவர்சிட்டி நாகப்பட்டினத்துல. நீட் வேண்டாம், பிளஸ் டூ மார்க்தான். இன்ஜினியரிங் கவுன்சிலிங்ல தேடாதீங்க, இதுக்கு அப்ளிகேஷன் வேற. குஞ்சு பொரிக்க வைக்கிறது, மீன் நோய், வலை, படகு, பதப்படுத்துறது எல்லாம் பாடம். எறால் குளத்துல செக் ட்ரேய (தீனி வச்சு தண்ணிக்குள்ள இறக்குற தட்டு) தூக்கிப் பாத்து, போட்ட தீனில மிச்சம் கிடந்தா அடுத்த வேளைக்குக் குறைக்கணும், விடியற நேரத்துல தண்ணில ஆக்சிஜன் இறங்கிடும், தண்ணில காத்து கலக்குற ஏரேட்டர் நின்னா அவ்ளோதான். வனாமி எறால் குஞ்சு சதுர மீட்டருக்கு 60க்கு மேல விடக்கூடாதுன்னு ரூல் கூட இருக்கு (புள்ளைங்களுக்குத்தான் அப்படி ஒண்ணு போடல). வேலைன்னா குஞ்சு பொரிக்கிற ஹேச்சரி, எக்ஸ்போர்ட் கம்பெனி, டிஎன்பிஎஸ்சி வழியா மீன்வளத்துறை, பேங்க்ல விவசாய அதிகாரி போஸ்ட்டுக்கும் இந்த டிகிரி செல்லும்.

"மீன் படிப்பான்னு சொந்தக்காரங்க சிரிப்பாங்களே சார்"ன்னாங்க. அடகு வட்டிய அவங்களா கட்டப்போறாங்க?

ஜேஇஇ, ஹிந்தி ரெண்டையும் இன்னைக்கே நிறுத்துங்க. நீட் எழுதணும்னு அவன் வாயால சொன்னா எழுதட்டும், நீங்க கேக்காம அவனா சொல்லணும். 10ஆம் தேதி ரெண்டாவது தவணைன்னீங்கல்ல, கட்டாதீங்க. அந்தப் பணத்துல முதல்ல வளையல மீட்டுட்டு வாங்க.